ஆலைக் கழிவுநீரில் கன உலோகங்கள்: தடுக்க வேண்டிய இடம் வயல் அல்ல, குழாய் வாய்

மேனாம்பேட்டில் ஒரு காலத்தில் நெல் பயிரிட்டு, இப்போது திருநின்றவூருக்கு அப்பால் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து அரைக்கீரையும் சிறுகீரையும் போட்டுவரும் பெரியவர் ஒருவர், சென்ற மாதம் ஒரு சாக்குப் பையுடன் என்னைப் பார்க்க வந்தார். பை நிறையத் தேங்காய்ச் சிரட்டைக் கரி.

"ஆலைத் தண்ணியில இருக்கிற ஈயம், நிக்கல் எல்லாத்தையும் கரி பிடிச்சுக்குதாமே சார். பையன் படிச்சுச் சொன்னான். இதை இடிச்சு வயல்ல தூவினா போதுமா? ஏக்கருக்கு எத்தனை கிலோ?" என்று கேட்டார்.

தூவ வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவருடைய மகன் படித்துச் சொன்னது பொய்யல்ல. கரி மட்டுமல்ல, இறால் ஓடு, கடற்பாசி, இரும்புத் துரு, செயற்கைப் பிசின் என்று பல பொருள்கள் உலோகத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பிடித்ததை விடுவித்துவிட்டு அதே பொருளை மறுபடியும் பயன்படுத்தவும் முடிகிறது. அப்படியிருக்க, வயலில் ஏன் கூடாது? இதே ஐயம் மற்ற விவசாயப் பெருமக்களுக்கும் இருக்கும் என்பதால் சற்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதற்கு முன் மேனாம்பேடு, பட்டரவாக்கம், கொரட்டூர் ஆகியவை ஏரிப் பாசன ஊர்கள். தொழிற்பேட்டை வளர்ந்தபின் நிலங்கள் மனைகளாயின. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் சேர்ந்தது. ஏரிகள் மட்டும் ஒன்றன் வடிகால் மற்றொன்றுக்கு வரத்தாக இன்றும் இருக்கின்றன. கொரட்டூர் ஏரியில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலப்பது பற்றி ஊர்மக்கள் தொடுத்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. பூவிருந்தவல்லி, ஆவடி, திருவள்ளூர்ப் பக்கங்களில் இன்னும் கீரை, காய்கறி, பூ பயிரிடுவோரும் தங்கள் வாய்க்காலுக்கு மேலே எந்தத் தொழிற்கூடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையே உள்ளது.

வாகன உதிரி பாகங்களுக்கு மின்முலாம் பூசும் சிறு கூடங்களில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நிக்கல், குரோமியம், துத்தநாகம் முதலிய உலோக உப்புகள் கரைந்த தொட்டியில் பொருளை முக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசுவார்கள். பொருளின் மேல் ஒட்டிவந்த கரைசல் அந்த அலசு நீரில் கலந்துவிடுகிறது. முலாம் தொட்டியை யாரும் கொட்டுவதில்லை, அதன் விலை அப்படி. வாய்க்காலுக்கு வருவது பெரும்பாலும் இந்த அலசு நீர்தான். பார்வைக்குத் தெளிவாக, நாற்றமில்லாமல்கூட இருக்கும்.

உலோகம் மட்கிப்போவதில்லை

சாக்கடை நீரில் உள்ள அழுக்கை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். பூச்சிமருந்துகூட நாளடைவில் சிதையும். ஈயம், காட்மியம், நிக்கல் போன்றவை தனிமங்கள். அவை எதுவாகவும் சிதையமாட்டா. வந்தது வந்தபடியே கிடக்கும், அடுத்த போகத்தில் வருவது அதன்மேல் சேரும்.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்ட ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். நெற்பயிர் ஒரு போகத்துக்கு 120 சென்டிமீட்டர் தண்ணீர் கேட்கும் என்று கொண்டால் 48 லட்சம் லிட்டர் ஆகிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் 1986-இன் பொதுத் தரப்படி, ஆலை ஒன்று ஆற்றிலோ ஏரியிலோ விடும் நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரை நிக்கல் இருக்கலாம். அந்த நீர் வேறு தண்ணீர் கலக்காமல் அப்படியே வயலுக்கு வந்தால் ஒரே போகத்தில் 14 கிலோவுக்கு மேல் நிக்கல் நிலத்தில் இறங்குகிறது. ஒரு ஏக்கரின் மேல்மண், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, சுமார் 9 லட்சம் கிலோ. அத்தனையும் மேல்மண்ணில் தங்கினால் கிலோ மண்ணுக்கு 16 மில்லிகிராம் கூடும். ஐந்து போகத்தில் 80. கழிவுச் சேறு இடப்படும் விளைநிலத்தில் நிக்கல் 75 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய நாடுகள் 1986-இல் வரம்பு கட்டின. விதிக்கு உட்பட்ட ஆலை நீரே இந்த வேலையைச் செய்யும் என்றால், விதியை மீறிய நீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பாசன நீருக்கு ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1985-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நிக்கலுக்கு 0.2 மில்லிகிராமும் காட்மியத்துக்கு 0.01 மில்லிகிராமும்தான் வரம்பு. ஆற்றில் விடுவதற்கான தரம் வேறு, பயிருக்குப் பாய்ச்சுவதற்கான தரம் வேறு. "வாரியம் அனுமதித்த தண்ணீர்தான்" என்று யாரேனும் சொன்னால் இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

சேர்ந்ததை எடுக்க எவ்வளவு பாடு என்பதற்கு ஜப்பானில் ஓர் உதாரணம் உண்டு. தோயாமா மாவட்டத்தில் ஜின்சூ ஆற்றுப் பாசன நெல்வயல்களில் மேற்புறச் சுரங்கத்தின் காட்மியம் படிந்தது. அந்த அரிசியை உண்டவர்களுக்கு எலும்பு நொறுங்கும் நோய் வந்தது. நோயாளிகள் "வலிக்கிறதே, வலிக்கிறதே" என்று அலறியதால் அதற்கு 'இத்தாய் இத்தாய்' என்றே பெயர். 1968-இல் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. மேல்மண்ணை மாற்றும் வேலை 1979-இல் தொடங்கி 2012-இல்தான் முடிந்தது. சுமார் 860 ஹெக்டேருக்கு 33 ஆண்டுகள்! அவ்வளவு பணமும் பொறுமையும் நமக்கு எங்கே?

வித்தையைக் கற்றுக்கொடுத்ததே வயல் மண்தான்

இனி, உலோகத்தைப் பிடிக்கும் வித்தைக்கு வருவோம். இது ஆலையில் பிறந்ததல்ல என்பது பலருக்கும் தெரியாது. 1840-களில் இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த தாம்ப்சன் என்ற பண்ணையார், தொழு உரத்தின் சத்து மழையில் கரைந்து வீணாகிறதே என்ற கவலையில் ஒரு சோதனை செய்தார். குழாயில் மண்ணை நிரப்பி, மேலே அமோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினார். கீழே வடிந்த நீரில் அமோனியா குறைந்திருந்தது. பதிலுக்கு ஜிப்சம் வந்திருந்தது. அமோனியாவை மண் பிடித்துக்கொண்டு, தன்னிடமிருந்த சுண்ணாம்புச் சத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. வே என்ற வேளாண் வேதியியலார் இதை விரிவாக ஆராய்ந்து 1850-இல் வெளியிட்டார். இந்தப் பிடிப்பைத் திரும்ப விடுவிக்கவும் முடியும் என்று 1858-இல் ஜெர்மனியில் ஐக்கார்ன் காட்டினார்.

நாம் இடும் யூரியா அமோனியாவாக மாறியபின் சில நாள் மண்ணில் நிற்பதும், பொட்டாஷ் ஒரே மழையில் ஓடிவிடாததும் இந்தக் குணத்தால்தான். களிமண் துகளின் மேலும் மட்கின் மேலும் எதிர்மின் இருக்கைகள் உள்ளன. சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாஷ் முதலிய நேர்மின் சத்துகள் அவற்றில் அமர்ந்திருக்கின்றன. ஈயமும் நிக்கலும் காட்மியமும் நேர்மின் கொண்டவையே. வாய்க்கால் நீரில் வந்ததும், இருக்கும் சத்தை எழுப்பிவிட்டுத் தாங்கள் அமர்ந்துகொள்கின்றன. பொருளின் உள்ளே ஊறாமல் மேற்பரப்பில் பற்றிக்கொள்வதால் இதைப் பரப்புக் கவர்ச்சி என்று பாடநூல்கள் கூறும். இக்கட்டுரையில் இத்தகைய பொருளைப் 'பற்றுப்பொருள்' என்று அழைப்போம்.

ஆக, நம் வயல் மண்ணே ஒரு பற்றுப்பொருள். ஆலைக்காரர் தம் வாசலில் வைக்கத் தவறிய வடிகட்டியின் வேலையை நம் வயல் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. ஒரே வேறுபாடு, ஆலையில் வைத்த பற்றுப்பொருளைக் கழுவித் தூய்மை செய்யலாம். வயலைக் கழுவ முடியாது.

கழுவி மீண்டும் பயன்படுத்துவது எப்படி?

ஆலையில் இதற்கு ஆளுயரக் குழாய் போன்ற கலன் வைப்பார்கள். உள்ளே பற்றுப்பொருள் குருணைகளாக நிரப்பப்பட்டிருக்கும். அலசு நீர் மேலிருந்து இறங்கும்போது உலோகம் குருணைகளில் தங்கி, தண்ணீர் மட்டும் வெளியே வரும். இருக்கைகள் நிரம்பிவிட்டால் உலோகம் நழுவத் தொடங்கும். ஆகையால் ஒன்றையடுத்து இன்னொரு கலன் இருப்பது அவசியம். முதல் கலன் நிரம்பியதும் அதைத் தனியே பிரித்து, நீர்த்த அமிலம் விட்டுக் கழுவுவார்கள். அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் கூட்டமாக வந்து உலோகத்தை எழுப்பிவிடுகின்றன. பிறகு கார நீர் விட்டு அமிலத் தன்மையைப் போக்கினால் கலன் அடுத்த சுற்றுக்குத் தயார்.

எடுத்துக்காட்டாக, ஒரு கூடத்தில் நாளுக்கு 10,000 லிட்டர் அலசு நீர், லிட்டருக்கு 30 மில்லிகிராம் நிக்கல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 300 கிராம் நிக்கல். நல்ல பிசின் லிட்டருக்கு 30 கிராம் அளவில் பிடிக்கும் என்றால் 10 லிட்டர் பிசின் ஒரு நாளைக்குப் போதும். அதை 40 லிட்டர் நீர்த்த கந்தக அமிலத்தில் கழுவினால், பத்தாயிரம் லிட்டரில் பரவிக்கிடந்த நிக்கல் நாற்பது லிட்டருக்குள் வந்துவிடுகிறது. அதுவும் நிக்கல் சல்பேட்டாக! முலாம் தொட்டியில் போடும் உப்பும் அதுதான். சுத்தம் செய்து தொட்டிக்கே திருப்பிவிடலாம். 300 நாள் வேலை நடந்தால் 90 கிலோ நிக்கல் மிச்சம்.

விவசாயிக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். சுண்ணாம்பு போட்டு உலோகத்தைச் சேறாகப் படியவைப்பது பழைய முறை. அதில் செலவு மட்டுமே உண்டு. சேற்றைக் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்குக்குப் பணம் கட்டி அனுப்பவேண்டும். செலவு மட்டுமே உள்ள இயந்திரம் அதிகாரி வரும் நாளில் ஓடும், மற்ற நாளில் ஓய்வெடுக்கும். பிடித்த உலோகம் காசாகத் திரும்புமானால் முதலாளி தாமே அதை ஓட்டுவார். மறுபயன் தரும் பற்றுப்பொருளில் நமக்குள்ள அக்கறை அதுவே.

பற்றுப்பொருள்களுள் செயற்கைப் பிசின் 1935-இல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்தது. நூற்றுக்கணக்கான தடவை கழுவினாலும் தாங்கக்கூடியது, விலைதான் அதிகம். அடுக்குமாடி வீடுகளில் உப்புப் போட்டுக் கழுவும் மென்னீர்க் கருவியில் இருப்பதும் இதன் உறவுதான். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், கடற்பாசி ஆல்ஜினேட் முதலியவை உலோகத்தை நன்றாகப் பிடிக்கும். ஆனால் வலுவான அமிலத்தில் கரையும் அல்லது நொறுங்கும். அவற்றைப் பதப்படுத்தி உறுதியாக்க வேண்டும். இரும்புத் துருவுக்கும் தனிக் குணம் உண்டு. செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருவதும் இரும்பு ஆக்சைடுதான். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழுவினர் இரும்பு ஹைட்ராக்சைடு வகைப் பொருளைக் கொண்டு குடிநீரில் ஆர்சனிக்கை நீக்கும் முறையை உருவாக்கினர். அது மேற்கு வங்காளக் கிராமங்களில் பயன்பாட்டுக்கு வந்தது. அது குடிநீருக்கு உரியது. ஆலை நீர் அத்தனை சாதுவல்ல.

இங்கே ஆராய்ச்சியாளர்களாகிய எங்கள் தரப்பிலும் ஒரு குறை உண்டு. உமியிலும் வேர்க்கடலைத் தோலிலும் பற்றுப்பொருள் செய்து, காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஓர் உலோகத்தைக் கரைத்துச் சோதித்து, ஐந்து தடவை கழுவிப் பார்த்துக் கட்டுரை எழுதிவிடுகிறோம். உண்மையான ஆலை நீரில் எண்ணெய் இருக்கும், சோப்பு இருக்கும். நம் ஊர்க் கடின நீரின் சுண்ணாம்புச் சத்து பாதி இருக்கைகளை முன்னதாகவே பிடித்துவிடும். அதில் ஆறு மாதம் தாக்குப்பிடித்தால்தான் அது பற்றுப்பொருள்.

குரோமியத்தின் வழி வேறு

மேலே சொன்னதெல்லாம் நேர்மின் உலோகங்களுக்கு. ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் குரோமேட் என்ற எதிர்மின் வடிவில் இருக்கிறது. களிமண்ணும் எதிர்மின், குரோமேட்டும் எதிர்மின். ஆகவே மண் அதைத் தடுத்து நிறுத்துவதில்லை. நேரே கிணற்றுக்குப் போகிறது.

இராணிப்பேட்டையில் நடந்தது இதுதான். அங்கே குரோமேட் உப்புகள் தயாரித்த ஆலை ஒன்று 1990-களின் நடுவில் மூடப்பட்டது. வளாகத்தில் குவிந்திருந்த சுமார் 2 லட்சம் டன் கழிவு அங்கேயே நின்றுவிட்டது. மழை பெய்யும்போதெல்லாம் குரோமேட் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது. சுற்றுப்புறத்தில் தண்ணீர் மஞ்சளாக மாறியது. ஆலை நின்றபின்னும் கேடு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதே பாலாற்றுப் பகுதியின் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றி வேலூர் குடிமக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. கெடுத்தவரே இழப்பீடும் தரவேண்டும், நிலத்தைச் சீர்திருத்தும் செலவும் ஏற்கவேண்டும் என்ற கொள்கை அதில் உறுதியாயிற்று. நிலம் கெட்டு இழப்பீடு பெறுவது என்பது ஆயுளில் பாதியைத் தின்னும் வேலை என்பதை அப்பகுதி விவசாயிகள் சொல்வார்கள்.

குரோமேட்டைப் பிடிக்க நேர்மின் இருக்கை கொண்ட பற்றுப்பொருள் வேண்டும். அமில நீரில் அது நன்றாகப் பிடிக்கும். கழுவுவதற்குக் காரம் வேண்டும். நிக்கலுக்கு நேர் எதிர்! இரண்டு அலசு நீரையும் ஒரே தொட்டியில் கலந்து ஒரே கலனில் விட்டால் இரண்டும் உருப்படாது. முலாம் கூடத்தில் குரோமிய நீரும் நிக்கல் நீரும் தனித்தனிக் குழாயில் போகின்றனவா என்று பார்த்தாலே அங்கே சுத்திகரிப்பு நடக்கிறதா, பெயரளவுக்கா என்று ஓரளவு ஊகிக்கலாம்.

வயலில் ஏன் கூடாது?

பெரியவரின் கரிக்கு வருவோம். வயலில் தூவிய கரி, நீரில் வரும் உலோகத்தைச் சிறிது பிடிக்கும், உண்மைதான். சாதாரண அடுப்புக் கரிக்கு அந்தச் சக்தி குறைவு. நீராவியில் கடுஞ்சூடு காட்டிய ஊக்குவித்த கரியும் சாயம், நாற்றம் ஆகியவற்றைப் பிடிக்கும் அளவுக்கு உலோகத்தைப் பிடிப்பதில்லை. அதைவிட முக்கியம், பிடித்த கரியை மண்ணிலிருந்து பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது. வேர் விடும் அமிலமும், தொடர்ந்து இடும் அமோனியம் சல்பேட்டும் மண்ணின் கார அமில நிலையைக் குறைக்கும்போது, ஆலைக் கலனில் அமிலம் செய்யும் வேலையை வயலில் மெதுவாகச் செய்யும். உலோகம் எழுந்து கீரைக்குப் போகும். ஆகவே கரி தூவுவதால் விஷம் வெளியேறாது, இருக்கும் இடம்தான் மாறுகிறது.

ஏற்கெனவே உலோகம் ஏறிய நிலத்தில், மண் புளித்திருந்தால் பரிசோதனை முடிவுப்படி சுண்ணாம்பு இட்டுக் கார அமில நிலையை 6.5-க்கு மேல் வைத்திருப்பதும், நன்கு மட்கிய தொழு உரம் இடுவதும் காட்மியம், நிக்கல் பயிரில் ஏறுவதைக் குறைக்கும். அத்தகைய நிலத்தில் கீரை வகைகள் கூடவே கூடாது. இலை உலோகத்தை அதிகமாகச் சேர்க்கும். காட்மியத்துக்குச் சர்வதேச உணவுத் தரம் கீரைக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம்தான். மல்லி, சம்பங்கி போன்ற பூப்பயிர்களுக்கு மாறிக்கொள்ளலாம். மாட்டுத் தீவனமும் வேண்டாம்.

கேட்க வேண்டிய இடமும் கேள்வியும்

மேலே ஒரு முலாம் கூடம் வருகிறது அல்லது இருக்கிறது என்றால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் ஒரு படி கொடுங்கள். "சுத்திகரிப்பு இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்ற பதில் வரும். அப்படிக் கேட்காதீர்கள். பற்றுப்பொருளைக் கழுவிய அமிலம் எங்கே போகிறது என்று கேளுங்கள். அந்த நாற்பது லிட்டரை ஒருவர் இருட்டில் வாய்க்காலில் ஊற்றிவிட்டால், பத்தாயிரம் லிட்டரைச் சுத்தம் செய்ததில் பயனே இல்லை, முன்னதைவிடக் கேடு. உழைத்துத் தேய்ந்த பற்றுப்பொருள் எந்தக் கிடங்குக்குப் போகிறது, அதற்கு ரசீது உண்டா என்பதையும் கேட்கலாம். உண்மையாக நடத்துபவரிடம் இவற்றுக்கெல்லாம் பதிவேடு இருக்கும்.

கேட்பதற்கு முன் கையில் ஒரு பரிசோதனை முடிவு இருந்தால் பேச்சுக்கு வலு உண்டு. நிலவள அட்டையில் துத்தநாகம், தாமிரம், இரும்பு, மாங்கனீசு வரும். ஈயம், காட்மியம், நிக்கல், குரோமியம் வராது. அவற்றைத் தனியே குறிப்பிட்டுக் கட்டணம் செலுத்திக் கேட்க வேண்டும். வாய்க்கால் நீர் நேரத்துக்கு நேரம் மாறும். காலையில் எடுத்த புட்டியில் ஒன்றும் இல்லாமல் போகலாம். இரவில் விட்ட நீர் அதற்குள் கடந்திருக்கும். ஆனால் வாய்க்கால் வண்டலும் ஒரு பற்றுப்பொருள்தானே? கடந்துபோன நீரிலிருந்து அது தன் பங்கைப் பிடித்து வைத்திருக்கும். பெரியவரிடமும் நான் கேட்டது வண்டலைத்தான்.

வாய்க்கால் வளைவுகளில் நீர் தேங்கும் மூன்று நான்கு இடங்களில் மேல் 5 சென்டிமீட்டர் வண்டலை மர அகப்பையாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ எடுங்கள். இரும்புக் கொத்தும் துத்தநாகம் பூசிய தகர வாளியும் கூடாது. ஒன்றாகக் கலந்து அரைக் கிலோ நிழலில் உலர்த்தி பாலித்தீன் பையில் கட்டுங்கள். ஆலைக் கழிவு சேரும் இடத்துக்கு மேற்புறத்திலிருந்தும் அதேபோல ஒரு மாதிரி கட்டாயம் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் வந்த வழி தெரியும். கிணற்று நீருக்கு ஒரு லிட்டர் புதிய பிளாஸ்டிக் புட்டியை அதே நீரில் மூன்று முறை அலசி நிரப்பி அன்றைக்கே ஆய்வுக்கூடத்தில் சேர்க்கவும். நீர் மஞ்சளாகத் தெரிந்தால் ஆறு இணைதிறன் குரோமியம் பார்க்கும்படி சீட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு பையின் மேலும் ஊர், வாய்க்கால் பெயர், நாள், எடுத்த நேரம் ஆகியவற்றை எழுதி, எடுக்கும்போது பக்கத்து நிலத்துக்காரர் ஒருவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.